1,52,184 என்னும் எண்ணுக்குள் இருப்பவை

1860 நவம்பர் 16 அன்று, மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறைமுகத்தை வந்தடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரயில் பாதைகளிலும் வேலை செய்வதற்காக ஒப்பந்தக் கூலிகளாய் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர்களின் மொத்தத் தொகையை வரலாற்று நூல்கள் 1,52,184 என்று குறிக்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் மதராஸ் வழியாக வந்தவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த எவருக்கும் இந்த எண் ஏதோ ஒரு நினைவு நாளில் காதில் விழுந்திருக்கும்.

டர்பனில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் எண்ணுப் பெயர்களைக் கற்பிக்கும்போது இந்த எண்ணைத்தான் பலகையில் எழுதுவது வழக்கம். 'ஒரு இலட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு' என்று பிள்ளைகள் தடுமாறாமல் சொல்லிவிட்டால் இலட்சம், ஆயிரம், நூறு, பத்து எல்லாம் ஒரே மூச்சில் பயிற்சியாகிவிடும். ஒரு நாள் முன் வரிசையில் இருந்த பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, "அங்கிள், இந்த நம்பரை எதெதால வகுக்கலாம்?" என்று கேட்டாள். அவள் கேள்விக்கான விடையை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான்காம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்; இதைப் படிக்க வேறு கணிதம் தேவையில்லை.

முதலில், எண் வேறு, எண்ணை எழுதும் முறை வேறு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 1,52,184 என்று இலட்சத்தை ஒட்டிக் காற்புள்ளி இடுகின்றன. தென்னாப்பிரிக்கப் பாடநூல்களிலோ மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டு, 152 184 என்று எழுதுகிறார்கள். பழந்தமிழ் முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கெனத் தனிக் குறியீடுகள் இருந்தமையால் இதையே ௱௫௰௨௲௱௮௰௪ என்று எழுதலாம். கணினி இதை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்து 100101001001111000 என்று வைத்துக்கொள்கிறது. உடை மாறினாலும் ஆள் மாறுவதில்லை. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் பதின்ம முறையில் 21 வருகிறது. இரும முறையில் 8 வருகிறது. ஆகவே இலக்கங்களின் கூட்டுத்தொகை என்பது எழுதும் முறையைச் சேர்ந்த செய்தி. ஆனால் இந்த எண் மூன்றால் மீதியின்றி வகுபடும் என்பது எந்த முறையில் எழுதினாலும் உண்மை. நாம் தேட வேண்டியது இத்தகைய, எழுத்தைச் சாராத பண்புகளையே.

வகுபடுதல் என்றால் என்ன என்பதைச் சொல்லால் விளக்குவதைவிடக் கையால் காட்டுவது எளிது. அன்றைக்கு அந்தச் சிறுமியிடம் டர்பன் வீடுகளில் அடிக்கடி குழம்பு வைக்கும் சுகர் பீன்ஸ் விதைகள் 24-ஐ எண்ணிக் கொடுத்து, மேசையின் மேல் செவ்வகமாக அடுக்கச் சொன்னேன். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு என்று அடுக்கினாள். பின்னர்க் கலைத்து மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு என்று அடுக்கினாள். இரண்டும் பன்னிரண்டும் அவளுக்கே தோன்றின. அதன்பின் ஒரு விதையை மட்டும் எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இப்போது அடுக்கு" என்றேன். இருபத்து மூன்று விதைகளோடு அவள் நெடுநேரம் போராடினாள். எப்படி நகர்த்தினாலும் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ மிஞ்சியது, அல்லது கடைசி வரிசை குறைப்பட்டது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நீள வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த ஒற்றை வரிசையைத் தவிர வேறு செவ்வகம் அமையாத எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். பல செவ்வகங்களாக அடுக்கக்கூடியது பகு எண். செவ்வகத்தின் பக்கங்களாக வரும் எண்கள் அதன் வகுத்திகள் அல்லது காரணிகள்.

இப்போது 1,52,184 விதைகளை மேசையில் கொட்ட முடியாது என்பதால் எழுதிப் பார்ப்போம். இது இரட்டை எண் என்பது கடைசி இலக்கத்திலேயே தெரிகிறது. ஆனால் இரண்டால் எத்தனை முறை வகுக்கலாம்? ஆயிரம் என்பது 8 × 125. ஆகவே ஆயிரத்தின் மடங்குகள் அனைத்தும் எட்டால் வகுபடும். அதனால் 1,52,000 என்ற பகுதியைப் பற்றிக் கவலைப்படாமல் கடைசி மூன்று இலக்கங்களான 184-ஐ மட்டும் பார்த்தால் போதும். 184 என்பது 8 × 23. எனவே எண் முழுவதும் எட்டால் வகுபடும். வகுத்தால் 19,023 கிடைக்கிறது. அது ஒற்றை எண் என்பதால் இரண்டின் வேலை அத்துடன் முடிந்தது. மேலே எழுதிய இரும வடிவத்தின் முடிவில் சரியாக மூன்று சுழிகள் இருப்பதும் இதே செய்தியைத்தான் சொல்கிறது.

அடுத்து மூன்று. இலக்கங்களைக் கூட்டி, அந்தத் தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று பள்ளியில் எல்லோரும் கற்றிருப்போம். ஏன் என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. 10 என்பது 9-ஐவிட ஒன்று அதிகம். 100 என்பது 99-ஐவிட ஒன்று அதிகம். 1000 என்பது 999-ஐவிட ஒன்று அதிகம். ஆகவே எந்த இடத்தில் நிற்கும் இலக்கமாயினும், மூன்றால் வகுக்கும்போது அது தன் முகமதிப்பை மட்டுமே மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சங்களைக் கூட்டுவதுதான் இலக்கங்களைக் கூட்டுவது. 1+9+0+2+3 = 15; ஆகவே 19,023 மூன்றால் வகுபட்டு 6,341 ஆகிறது. அதன் இலக்கக் கூட்டுத்தொகை 14 என்பதால் மூன்று மறுமுறை நுழையாது.

இனி 6,341. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் மீதி வருகிறது. பதினேழுக்கு ஓர் அழகான சோதனை உண்டு: கடைசி இலக்கத்தை வெட்டி, அதன் ஐந்து மடங்கை மீந்த எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 634-இலிருந்து 5-ஐக் கழித்தால் 629. மறுபடியும் 62-இலிருந்து 45-ஐக் கழித்தால் 17. ஆகவே 6,341 பதினேழால் வகுபடும். இது ஏன் பலிக்கிறது? வெட்டியபின் மீந்த எண்ணை 'அ' என்றும் வெட்டிய இலக்கத்தை 'இ' என்றும் வைத்தால் மூல எண் 10அ + இ ஆகும். நாம் செய்த கழித்தலைப் பத்தால் பெருக்கினால் 10அ − 50இ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 51இ. 51 என்பது 17 × 3. பதினேழின் மடங்கைக் கூட்டுவதாலோ கழிப்பதாலோ பதினேழால் வகுபடும் தன்மை கெடுவதில்லை; பதினேழுக்கும் பத்துக்கும் பொதுக் காரணி இல்லாததால், பத்தால் பெருக்குவதும் அதைக் கெடுப்பதில்லை. இத்தகைய சோதனைகளை மந்திரம்போல் மனனம் செய்விக்காமல், இந்த நான்கு வரிக் காரணத்தோடு கற்பித்தால் பிள்ளைகள் தாங்களே பத்தொன்பதுக்கும் இருபத்து மூன்றுக்கும் புதுச் சோதனைகளை உண்டாக்கிக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

6,341-ஐப் பதினேழால் வகுத்தால் 373. 373 பகா எண்ணா? அதற்கு இரண்டு காரணிகள் இருந்தால், சிறியது 373-இன் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. இரண்டுமே தாண்டினால் பெருக்கல் 373-ஐ மீறிவிடும். 20 × 20 = 400 என்பதால் 19 வரையிலான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அவற்றுள் எதுவும் நுழையவில்லை. ஆகவே 373 பகா எண். முழு விடை இதோ:

1,52,184 = 2 × 2 × 2 × 3 × 17 × 373

நான் வேறு வழியில் தொடங்கியிருந்தால், எடுத்துக்காட்டாக முதலில் 204 × 746 என்று பிரித்துக்கொண்டு அவ்விரண்டையும் மேலும் உடைத்திருந்தால், விடை மாறியிருக்குமா? மாறாது. எந்தப் பாதையில் சென்றாலும் மூன்று இரண்டுகள், ஒரு மூன்று, ஒரு பதினேழு, ஒரு முந்நூற்றெழுபத்து மூன்று ஆகியவையே கடைசியில் மிஞ்சும். ஒன்றைவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணுக்கும் பகாக் காரணிகளின் தொகுப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதை எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்கிறார்கள். இதற்கான விதை சுமார் கி.மு. 300-இல் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதியவற்றிலேயே இருக்கிறது. தெளிவான முழு நிறுவலை ஜெர்மானியக் கணித அறிஞர் கௌஸ் 1801-இல் வெளியிட்டார். சிறு வயதிலிருந்து பழகிவிட்டதால் இது இயல்பானதாகத் தோன்றுகிறதே தவிர, எண்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் மிக ஆழமானவற்றில் இதுவும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

இந்தத் தொகுப்பு கையில் கிடைத்துவிட்டால் மற்ற கேள்விகள் தாமாகவே அவிழ்கின்றன. எத்தனை எண்கள் இதை மீதியின்றி வகுக்கும் என்று கேட்டால், ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. வகுத்தி ஒன்றை உருவாக்குவது என்பது இந்தப் பகா எண்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து பெருக்குவதே. இரண்டை எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம், மூன்று முறையும் எடுக்கலாம், நான்கு வழிகள். மூன்று, பதினேழு, முந்நூற்றெழுபத்து மூன்று ஆகிய ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், இவ்விரண்டு வழிகள். 4 × 2 × 2 × 2 = 32. ஆக 32 வகுத்திகள், அதாவது 16 செவ்வகங்கள். அவற்றுள் மிக நீண்டது ஒற்றை வரிசை. சதுரத்துக்கு மிக நெருங்கியது 373 × 408. அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினால், 373 வரிசைகளில் வரிசைக்கு 408 பேராக, ஒருவரும் மிஞ்சாமல், ஏறத்தாழச் சதுரமான ஒரு மைதானத்தில் நிற்பார்கள்.

அவர்களுள் ஒருவர் மட்டும் கப்பலேறாமல் இருந்திருந்தால்? எனக்கு இந்த எண்ணின் மீது தீராத ஈர்ப்பை உண்டாக்கியது இந்தக் கேள்விதான். 1,52,183 என்பது பகா எண். 23 விதைகளைப் போலவே அதற்கும் ஒற்றை வரிசையைத் தவிர வேறு செவ்வகம் கிடையாது. இதை எப்படி உறுதிசெய்வது? 390 × 390 = 1,52,100; 391 × 391 = 1,52,881. ஆகவே 390 வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றுள் கடைசி 389, மொத்தம் 77. அந்த 77-இலும் நான்கைச் சோதிக்காமலே தள்ளிவிடலாம். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இருக்க முடியாது. இருந்தால் அது அவற்றின் வேறுபாடான 1-ஐயும் வகுக்க வேண்டும். 2, 3, 17, 373 ஆகியவை 1,52,184-ஐ வகுக்கின்றன. எனவே அவை அதன் அண்டை எண்ணுக்குள் நுழையவே முடியாது. மீதமுள்ள 73 வகுத்தல்களையும் காகிதத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். எதிலும் மீதி சுழியாகவில்லை.

அந்தப் பக்கத்து அண்டை எண்ணான 1,52,185-ஐப் பார்த்தால் அது 5 × 11 × 2,767, எட்டே வகுத்திகள். ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்லும்போது வகுத்திகளின் எண்ணிக்கை 2, 32, 8 என்று குதிக்கிறது. ஒன்றைக் கூட்டுவது எண்ணின் அளவை அணுவளவே மாற்றுகிறது. அதன் உள்ளமைப்பையோ அடியோடு மாற்றிவிடுகிறது. கூட்டலும் பெருக்கலும் நாம் முதலில் கற்கும் இரு செயல்கள். ஆயினும் அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது கணிதத்தில் இன்னும் முடிவு காணாத பெரும் கேள்விகள் பலவற்றின் அடியில் கிடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் கணிக்க முடியாத இந்தக் குதிப்பில், மொத்தமாகப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. இந்த அளவுள்ள எண்களின் நடுவே சராசரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். எண்கள் பெரிதாக ஆக அவை மெல்ல மெல்ல அரிதாகும். அந்த அரிதாகும் வேகத்தைச் சொல்லும் தேற்றத்தை 1896-இல் ஆதமார், வலே பூசேன் என்னும் கணித அறிஞர்கள் இருவர் தனித்தனியே நிறுவினர். ஆனால் அரிதாகுமே ஒழிய அற்றுப்போகாது. எந்தப் பகா எண்களின் பட்டியலைக் கொடுத்தாலும், அவை அனைத்தையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், பட்டியலில் உள்ள எதுவும் அந்தப் புது எண்ணை வகுக்காது. ஆகவே பட்டியலுக்கு வெளியே ஒரு பகா எண் இருந்தே தீரும். யூக்ளிடின் இந்த வாதம், சற்று முன்பு நான்கு எண்களைச் சோதிக்காமல் தள்ளிய அதே காரணத்தின் மீதுதான் நிற்கிறது.

முதல் கப்பலின் 342-ஐயும் மொத்தத் தொகையையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண், அதாவது மீப்பெரு பொது வகுத்தி, எது? காரணிப்படுத்தாமலே இதைக் காணும் வழியும் யூக்ளிடுடையதே. பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டு, அந்த மீதியால் சிறியதை வகுத்து, இப்படியே மீதி சுழியாகும் வரை செல்ல வேண்டும். 1,52,184 என்பது 342 × 444-உடன் மீதி 336. 342 என்பது 336 × 1-உடன் மீதி 6. 336 என்பது 6 × 56, மீதி இல்லை. கடைசியாக நின்ற 6-தான் விடை. மூன்றே படிகள். காரணிப்படுத்துவதற்கு நாம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு எளிது என்பது விளங்கும். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களுக்கும் இந்த முறை கணினியில் நொடிக்குள் முடிந்துவிடும். அதே அளவுள்ள, இரு பெரும் பகா எண்களைப் பெருக்கி ஆக்கிய எண்ணை மீண்டும் அவ்விரண்டாகப் பிரிப்பதற்கோ, இன்றைய கணினிகளில் வேகமான வழி எதுவும் தெரியவில்லை. 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையாக்க முறை, அதாவது செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை, இந்த ஏற்றத்தாழ்வையே பூட்டாகப் பயன்படுத்துகிறது.

இன்னொரு பண்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓர் எண்ணின் வகுத்திகளை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால், 6-க்கும் 28-க்கும் அதே எண் திரும்ப வருகிறது. இவை நிறை எண்கள். 12-க்கு 16 வருகிறது. தன்னைவிடக் கூடுதலாக வந்தால் மிகை எண். நம் எண்ணின் 32 வகுத்திகளின் கூட்டுத்தொகை (1+2+4+8) × (1+3) × (1+17) × (1+373) = 4,03,920. அதிலிருந்து எண்ணைக் கழித்தால் 2,51,736. ஆகவே இது மிகை எண்.

மிகை என்ற சொல்லைக் கேட்டவுடன், இது நல்ல எண்ணா, ராசியான எண்ணா என்று வகுப்பில் பெற்றோர் சிலர் கேட்டதுண்டு. பெயருக்கும் பிறந்த தேதிக்கும் எண் பார்த்துப் பழகிய நம் வீடுகளில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. நான் அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எண் பார்ப்பவர்கள் இலக்கங்களைக் கூட்டி 21, பிறகு 2+1 = 3 என்பார்கள். அது பத்தை அடியாகக் கொண்டு எழுதுவதால் வரும் விளைவு. இரும முறையில் அதே எண் வேறு தொகை தருவதை மேலே பார்த்தோம். 32 வகுத்திகளோ எல்லா முறையிலும் 32-தான். ஆனால் அந்த உண்மையான பண்பும் அந்த மனிதர்கள் கரும்புக் காட்டில் பட்ட துயரைப் பற்றியோ அவர்கள் இங்கே கட்டியெழுப்பிய கோயில்களையும் பள்ளிகளையும் பற்றியோ எதையும் சொல்வதில்லை. அவர்களின் வரலாறு ஆவணங்களிலும் குடும்பங்களின் வாய்மொழியிலும் இருக்கிறது. அதை எண்ணுக்குள் தேடக் கூடாது.

நேட்டாலில் வந்து இறங்கிய ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு காலனி எண் வழங்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு அது கப்பல் பட்டியலில் பதியப்பட்டது. தம் முன்னோரின் எண்ணைக் காகிதத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே பல உண்டு. அத்தகைய எண் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். ஐந்து இலக்கத்துக்கு மேற்படாத எண் என்றால் 313 வரையிலான 65 பகா எண்களைத் தாண்டிச் செல்ல வேண்டிய தேவையே வராது.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமி அடுத்த சனிக்கிழமை கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். தன் பாட்டியின் பாட்டிக்குரிய ஐந்து இலக்க எண்ணை முதல் வரியில் எழுதி, கீழே இடப்பக்கம் 65 பகா எண்களையும் வலப்பக்கம் மீதிகளையும் பென்சிலால் நிரப்பியிருந்தாள். ஒரு மீதிகூடச் சுழியாக இல்லை. நான் வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தபோது 61-க்கு எதிரே மீதி 64 என்று இருந்தது. மீதி வகுத்தியைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்று காட்டியதும், அழிப்பானை எடுத்து, ஈவில் ஒன்றைக் கூட்டி, மீதியை 3 என்று திருத்தினாள். பிறகு 67-க்குச் சென்றோம்.